மருந்து மிச்சமிருந்த போத்தல்

வராத நோயாளிக்கு வைத்தியர் பொறுப்பாளியா?

வந்தவரைக் கவனியாமல் விட்டால் குற்றம். அதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தவறான மருந்தைக் கொடுத்தால் அதைவிடப் பெரிய குற்றம். ஆனால் வைத்தியரின் அறைக்குள் காலெடுத்து வைக்காத ஒருவர், தமது வருத்தத்தை வாய் திறந்து சொல்லாத ஒருவர் — அவருக்காக வைத்தியர் என்ன செய்ய முடியும்? ஏன் செய்ய வேண்டும்?

சென்ற மாதம், பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு டிஸ்பென்சரியின் வாங்குப் பலகையில் தனியே நின்ற பச்சைப் போத்தல் ஒன்று இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது.

அதைச் சொல்வதற்கு முன், அங்கே எனக்கு என்ன வேலை என்பதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு நோய் வருத்தம் எதுவும் இல்லை. நான் போனது ஒரு கையெழுத்துக்காக.

திருகோணமலைச் சந்தைக்குப் பின்னாலுள்ள குறுக்குத் தெரு ஒன்றில் என் சிநேகிதி யோகராணி டிஸ்பென்சரி வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். அவள் வைத்தியக் கல்லூரிக்குப் போனாள். நான் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, இப்போது அதையே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். இந்தப் பத்தியை வாரந்தோறும் வாசிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். இரண்டு பக்கமும் நிறுத்துப் பாராமல் எந்த முடிவுக்கும் வருவதில்லை. வந்தபின் அந்த முடிவை மற்றவர்களுக்குச் சொல்லாமல் இருப்பதும் இல்லை...

யோகராணிக்கு இங்கிலாந்திலுள்ள ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. குழந்தை வைத்தியத்தில் மேற்பயிற்சிக்கு இடம் இருக்கிறது. சம்மதமானால் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். அவள் கணவர் துறைமுகத்தில் பொறியியலாளர். “எனக்கு எங்க போனாலும் ஒரு வேலை கிடைக்கும். நீர் யோசிச்சுச் சொல்லும்” என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். யோசிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வகுப்பில் யோகராணியைப் போலக் கெட்டிக்காரி வேறொருத்தி இருக்கவில்லை. அவளுடன் வைத்தியம் படித்தவர்களில் பலர் இன்று நெஞ்சுக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர் என்று கடல் கடந்து பெயரெடுத்துவிட்டார்கள். இவளோ சளி, காய்ச்சல், சொறி, வயிற்றுக்குத்து என்று ஏழு வருடமாக ஒரு சிறிய அறைக்குள் இருக்கிறாள். ஐந்து வருடம் போய்ப் படித்துத் திரும்பினால் ஒரு தெருவுக்குச் செய்யும் நன்மையை ஒரு மாகாணத்துக்கே செய்யலாம் அல்லவா? இதை அவளிடம் எத்தனையோ தடவை சொன்னேன். சுருக்கமாகவும் சொன்னேன்: “நீர் இங்க வீணாப் போறீர்.”

அவள் மறுக்கவில்லை. “நீர் சொல்றதும் சரிதான். பதிலை எழுதிக்கொண்டு வாரும், பாப்பம்” என்றாள். நான் நல்ல ஆங்கிலத்தில், நல்ல தாளில், சம்மதக் கடிதம் எழுதிக்கொண்டு போனேன். அன்றைய தபாலில் அது போகவேண்டும் என்பது என் திட்டம்.

இந்த வேலைக்கு எப்படி வந்தீர் என்று முன்பொருநாள் நான் அவளைக் கேட்டதுண்டு.

“சேவை, கீவை எண்டு உம்மட பத்தியில எழுதிப்போடாதேயும்” என்று சிரித்தாள். “இவருக்கு ஹாபரில வேலை கிடைச்சுது. சின்னவன் வயித்தில. இங்க இருந்த டொக்டர் கொழும்புக்கே போயிட்டார். கதிரை, அலுமாரி, சலீம் நானா எல்லாத்தையும் சேர்த்து அப்பிடியே எடுத்தனான். ஒரு வருசம் பாத்திட்டு விடுவம் எண்டுதான்.”

சலீம் நானா அங்கே மருந்து கலக்குபவர். கிண்ணியாக்காரர். விடியற்புறம் முதல் படகில் குடாவைக் கடந்து வந்து, டிஸ்பென்சரிக் கதவைத் திறப்பவர் அவர்தான். யோகராணிக்கு முன்னரே அந்த அலுமாரிகளோடு இருந்தவர் என்பதால், ஒழுங்குகள் அனைத்தும் அவருடைய கையில்.

அந்த ஒழுங்குகளில் முக்கியமானது போத்தல் வரிசை.

அரசாங்கம் தடை போட்டு இறக்குமதி நின்றுபோன நாளிலிருந்து புதுப் போத்தல் கிடைப்பதில்லை. தண்ணி மருந்து வேண்டுமானால் வீட்டிலிருந்து போத்தல் கொண்டுவர வேண்டும். அரிசிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்று தேர்ந்த மக்கள் அல்லவா நாங்கள்? ஆள் எதற்கு நிற்க வேண்டும், போத்தல் நின்றால் போதாதா என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். விறாந்தையில் ஒரு நீள வாங்கு. அதில் வந்த ஒழுங்கில் போத்தல்கள் நிற்கும். ஆட்கள் நிழல் கண்ட இடத்தில் இருப்பார்கள். சலீம் நானா போத்தலைத் தூக்கிக் காட்டிக் கூப்பிடுவார்.

அன்று காலை அவர் தூக்கிக் காட்டியது ஒரு சாராயப் போத்தல்.

“இது ஆர்ட?”

“என்ர தான் நானா. இவருக்கு மருந்து” என்று எழும்பினார் அன்புவழிபுரத்திலிருந்து வந்த ஒரு பெண்.

“இதுக்குள்ள மருந்த ஊத்தினா மனுசன் என்னெண்டு நெனப்பார்?”

“நினைக்கட்டுமன். அப்பதான் சொல்லாமலே மூண்டு நேரமும் குடிப்பார்.”

விறாந்தை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் வாங்கின் மறுமுனையில் சண்டை.

“என்ட சர்பத்துப் போத்தலுக்கு முன்னால ஆர் இந்த மைப்போத்தல வெச்ச? நான் மொதல் படகுல வந்த” என்றார் கிண்ணியாவிலிருந்து வந்த ஓர் உம்மா.

“நீங்க முதல் படகில வந்தா நான் முதல் பஸ்ஸில வந்தனான்” என்றார் மைப்போத்தல்காரி.

“பஸ்ஸுக்கு அலை அடிக்கிறயா?”

மைப்போத்தல் ஓர் இடம் பின்னுக்குப் போயிற்று.

இந்த அமளிக்குள்தான் அவள் வந்தாள். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். கையில் பச்சைப் போத்தல் ஒன்று மட்டும். அதை வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, நான் இருந்த வாங்கின் நுனியில் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்தாள்.

போத்தலைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் பல்லுப்பல்லாக வெட்டிய கடதாசி ஒட்டியிருந்தது. ஒரு பல்லு ஒரு வேளை. எட்டுப் பற்களில் இரண்டு மட்டுமே குறைந்திருந்தன. மிச்ச மருந்து அப்படியே நின்றது.

“தங்கச்சி, மருந்து இன்னும் கிடக்கே? ஆருக்கு?” என்று கேட்டேன்.

“பிள்ளைக்கு.”

“முழுக்கக் குடுத்தாத்தானே சுகம் வரும்?”

“ஓம்.”

“அரைவாசியில விட்டிட்டு வேற மருந்துக்கு வாறது பிழையெல்லோ? மருந்துக்கு எவ்வளவு தட்டுப்பாடு எண்டு தெரியும்தானே?”

“ஓம்.”

“இதை முடிச்சுப்போட்டு வாங்கோவன்.”

“ஓம்.”

நான் அதட்டவில்லை. மரியாதையாகத்தான் பேசினேன். என் குரலில் நியாயத்தைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. நாட்டில் மருந்து குறைவு, காத்திருப்போர் அதிகம், எனவே இருப்பதை முடிப்பதே பொறுப்பு — மூன்று வரிகளில் ஒரு நல்ல பொருளியல் பாடம். அவள் எழும்பி வெளியே போனாள். நான் கைப்பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து, காற்புள்ளிகள் சரியா என்று நான்காவது தடவை பார்க்கத் தொடங்கினேன்.

பதினொரு மணிக்கு விறாந்தை வெறுமையாயிற்று. வாங்கில் பச்சைப் போத்தல் மட்டும் நின்றது.

“மூணு தரம் கூப்பிட்டன் டாக்குத்தரம்மா. றோட்டு மட்டும் போய்க் கத்திப் பாத்தன். ஆளில்ல” என்றார் சலீம் நானா.

யோகராணி கை துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். நான் கடிதத்தையும் பேனையையும் நீட்டினேன்.

“இதில ஒரு கையெழுத்துப் போட்டீரெண்டால், போற வழியில தபால் கந்தோரில குடுத்திடுவன்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இது சரசின்ர. சல்லிக் கிராமத்தில இருக்கிறவ. வெள்ளிக்கிழமை பிள்ளையின்ர இருமலுக்குக் குடுத்தனான். பத்து மாசம் அதுக்கு.” கடதாசிப் பற்களை எண்ணினாள். “ரெண்டு வேளைதான் போயிருக்கு.”

“பிள்ளைக்குச் சுகம் வந்திருக்கும்” என்றேன்.

“சுகம் வந்தால் ஏன் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வாறா? சுகம் வராட்டி ஏன் மருந்து குடுக்கேல்லை?” என்னிடம் கேட்பதுபோல் தன்னிடமே கேட்டாள். “குடுக்க ஏலாமப் போயிருக்கு. குடுக்கக் குடுக்கப் பிள்ளை சத்தி எடுத்துக் கக்கியிருக்கு. பிள்ளையையும் கொண்டு வரேல்லை... நானா, அவ ஆரோடயாவது கதைச்சவவே?”

சலீம் நானா என் பக்கம் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

“என்னோட” என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

யோகராணி ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“அவ என்ன சொன்னவ?”

“ஓம் எண்டவ.”

“எத்தினை தரம்?”

“மூண்டு.”

“வயித்தில பிள்ளையோட ஏழு மாசம் என்னட்டை வந்தவ. கேட்டதுக்கெல்லாம் ஓம்தான். ஒருநாள் ரெண்டு காலும் வீங்கிக் கிடக்கு, ‘சுகமா இருக்கிறியா’ எண்டு கேக்கிறன், ஓம் எண்டுறா. பயந்தால் அவவுக்கு வேற சொல்லு வராது.” அதற்குள் அவள் தன் பையை எடுத்துவிட்டாள். “நீரும் வாரும்.”

“நான் எதுக்கு?”

“நீர் சொன்னதை நீர்தான் திருப்பி எடுக்க வேணும். நான் சொன்னால் எடுபடாது. நீர் படிச்ச ஆள் மாதிரிக் கதைச்சிருக்கிறீர்.”

உப்புவெளி, சாம்பல்தீவு என்று அவளுடைய சிறிய கார் வடக்கே ஓடியது. நான் சும்மா இருக்க முடியாமல் சொன்னேன்:

“ஒண்டும் இல்லாமலும் இருக்கலாம். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்.”

“அப்படியெண்டால் கொஞ்சப் பெற்றோல் நட்டம். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம்.” பாதையை விட்டுக் கண்ணெடுக்காமலே கேட்டாள்: “மற்றப் பக்கத்தையும் நிறுத்துப் பாரும். எது பாரம்?”

என் தராசை அவள் கையில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடைசித் துண்டு வெறும் மணல். காரை விட்டுவிட்டு நடந்தோம். தென்னோலைக் கிடுகு வேலிக்குள் சிறிய வீடு. வெளியே வலை காய்ந்துகொண்டிருந்தது. சரசு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நிலத்தில் இருந்தாள். பக்கத்து வீட்டு மாமி ஒருவர் விசிறிக்கொண்டிருந்தார்.

பிள்ளை அழுதது. சத்தம் வந்தது, கண்ணீர் வரவில்லை. அதன் அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது. யோகராணியின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவள் பிள்ளையின் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள்; அது குழிந்திருந்தது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விட்டாள். அந்த மடிப்பு திரும்பப் படிய நேரம் எடுத்தது.

“வயித்தாலயும் போகுதோ?”

“ஓம்.”

“எத்தினை தரம் போனது?”

“ஓம்” என்றாள் சரசு.

யோகராணி கேள்வி கேட்பதை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டாள். சரசுக்குப் பக்கத்தில் மணலிலேயே இருந்துகொண்டாள். “கொதிச்சாறின தண்ணி ஒரு கோப்பை தா பிள்ளை. அவர் விடியவே தொழிலுக்குப் போயிட்டாரோ?” என்று ஏதோ விருந்துக்கு வந்தவள்போல் கதைத்தாள்.

“விடியப் போனவர். நேற்றுப் பின்னேரம் பாக்கேக்க நல்லாத்தான் கிடந்தது டொக்டர். மருந்து குடுத்தா உடன சத்தி எடுக்கும். அதால நிப்பாட்டினனான். இரவு முழுக்க வயித்தால போச்சு. ஏழு, எட்டுத் தரம் இருக்கும். இண்டைக்கு மூத்திரமும் போகேல்லை...” என்று சரசு தொடங்கினாள். கேட்டபோது வராதது கேட்காமல் விட்டபோது வந்தது.

தண்ணீரில் கரைக்க உப்பு இருந்தது. சீனி இல்லை. மாமி ஓடிப்போய்த் தம் வீட்டுக் கூப்பன் சீனியை ஒரு சிரட்டையில் கொண்டுவந்தார். கரைத்து, தேக்கரண்டியால் பிள்ளையின் உதட்டில் விட்டாள் யோகராணி. முதல் கரண்டி சத்தியாக வந்தது. பொறுத்திருந்தாள். இரண்டாவதும் வந்தது. இன்னும் பொறுத்திருந்தாள். மூன்றாவது உள்ளே நின்றது.

“அவசரப்படக் கூடாது. ஒரு கரண்டி, பிறகு கொஞ்சம் நிண்டு இன்னொரு கரண்டி. இப்படியே காரிலயும் குடுத்துக்கொண்டு வா. பெரியாஸ்பத்திரிக்குப் போறம். நான் கூட நிப்பன்.”

அப்போதுதான் சரசு என்னைக் கவனித்தாள்.

“மருந்து முடியாம வந்தது பிழைதான் டொக்டர். இந்த அம்மாவும் சொன்னவ. சனம் குறைஞ்சாப் பிறகு கேப்பம் எண்டு றோட்டில நிண்டனான். பஸ் வந்திட்டுது. அதை விட்டால் பின்னேரம்தானே பஸ். மாமியோட விட்டிட்டு வந்த பிள்ளையை நினைச்சு ஏறிட்டன். போத்தலையும் எடுக்கேல்லை.”

மாமி விசிறியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆர் இவ? இவவும் டாக்குத்தரோ?”

“இல்லை” என்றேன்.

“அப்ப?”

சரசுக்கு எதிரே போய் இருந்தேன். “தங்கச்சி, நான் சொன்னதுதான் பிழை. நீங்க வந்ததுதான் சரி. பிள்ளைக்கு மருந்து ஒத்துவரேல்லை எண்டால் போத்தல் நிறைஞ்சு கிடந்தாலும் திரும்ப வரவேணும்” என்றேன்.

“ஓம்” என்றாள். அது எந்த வகை ஓம் என்று தெரியாமல் யோகராணியின் முகத்தைப் பார்த்தேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு உடனே சேலைன் ஏற்றினார்கள். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வார்ட்டு டொக்டர் சொல்ல வந்தார். யோகராணி அவரைத் தடுத்து, சரசைக் கண்ணால் காட்டினாள். அவர் சொல்லவில்லை. எனக்கு அது சொல்லாமலே விளங்கியது. மூன்றாம் நாள் ஊசி போட வந்த தாதியைக் கண்டு பிள்ளை வீறிட்டு அழுதது — கன்னம் இரண்டும் நனைய. அழுகையைக் கேட்டுப் பெரியவர்கள் நால்வர் சேர்ந்து சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

கடிதம் என் கைப்பையிலேயே கிடந்தது. அன்று வார்ட்டுக்கு வெளியே வாங்கில் இருந்தபோது அதை எடுத்தேன். நியாயமாக நடந்துகொள்ள வேண்டுமல்லவா?

“தபால் போட்டால் இனிச் சுணங்கும். தந்தி அடிக்கலாம். காலம் போகேல்லை” என்றேன்.

யோகராணி அதை வாங்கி முழுவதும் வாசித்தாள். “நல்லா எழுதியிருக்கிறீர். ஆனால் நான் போகேல்லை.”

“இந்தப் பிள்ளைக்காகவோ? இது ஒரு நாள் உணர்ச்சி. இதை வைச்சு ஒரு வாழ்க்கையை முடிவு செய்யக் கூடாது.”

“தியாகம் செய்யிறன் எண்டு நினைக்கிறீராக்கும்” என்று சிரித்தாள். “அந்தப் போத்தலைக் கையில எடுத்தவுடன எனக்கு என்ன வந்தது தெரியுமே? பயம் வந்தது. அதோட, சொன்னால் சிரிப்பீர், ஒரு சந்தோசமும் வந்தது. ஆரின்ர போத்தல், என்ன மருந்து, ஏன் மிச்சம், ஏன் ஆளைக் காணேல்லை — எல்லாம் எனக்குத் தெரிஞ்சுது. லண்டனில இந்தப் பிள்ளையின்ர ரத்தத்தில உப்பு எவ்வளவு எண்டு உடன சொல்லுவினம். அது பெரிய வேலைதான். ஆனால் பிள்ளை அங்க வந்து சேர வேணுமே? அதுக்கும் ஒரு டொக்டர் தேவை. அந்த வேலை எனக்கு நல்லா வருது எண்டு செவ்வாய்க்கிழமைதான் எனக்கே தெரிஞ்சுது. நல்லா வாற வேலையை விட்டிட்டுப் போக மனம் வரேல்லை. அவ்வளவுதான்.”

“அப்ப ஏன் இவ்வளவு நாளும் போறதெண்டு இருந்தனீர்?”

அவள் கடிதத்தை மடித்து என்னிடம் தந்தாள்.

“களைப்பு. நோயாளிகளால இல்லை. ஏழு வருசமா ஒரு வருத்தத்தைப் பற்றி இன்னொரு டொக்டரோட இருந்து கதைக்கேல்லை. பிழை விட்டால் ‘இதைப் பாரும், இப்பிடிச் செய்திருக்கலாம்’ எண்டு சொல்ல ஆளில்லை. சரியாச் செய்தாலும் சொல்ல ஆளில்லை. நீர் அதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். நீர் வந்து ‘வீணாப் போறீர்’ எண்டல்லோ சொல்லிக்கொண்டிருந்தனீர். நானும் அப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சிட்டன்.”

அன்றிரவு நான் செய்வதற்கு வேறு வேலை இல்லாததால் யோசித்தேன்.

குடும்ப வைத்தியராக ஒருவர் ஏன் வருகிறார் என்று நாம் கேட்கிறோம். யோகராணியைப்போலப் பலரும் ஏதோ ஒரு தற்செயலால்தான் வந்திருப்பார்கள்: கணவரின் வேலை, காலியான ஒரு கட்டடம், வயிற்றில் பிள்ளை. அதில் வியப்பில்லை. ஏன் நிற்கிறார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வருவதற்கு ஒரு காரணமும் நிற்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஒரு பெண்ணின் ஓம் எப்போது ஓம் இல்லை என்பதை அறிய ஏழு வருடம் பிடிக்கிறது. அந்த அறிவை எந்தப் பல்கலைக்கழகமும் தராது. எந்தப் பெட்டியிலும் வைத்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. அதைச் சேர்த்துவிட்டவருக்கு ஓர் இன்பம் இருக்கிறது. அதற்காகவே அவர் இருக்கிறார்.

இருந்தும் களைத்துப் போகிறார். நாம் ஊர்ச் சங்கங்கள் கூடி, கட்டடம் வேண்டும், இயந்திரம் வேண்டும் என்று மகஜர் எழுதுகிறோம். இருக்கிற வைத்தியரிடம் ‘உங்களுக்கு என்ன குறை?’ என்று யாராவது ஒருநாள் கேட்டோமா? நான் பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதி. நானே கேட்கவில்லை.

மேற்படிப்புக்குப் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. நெஞ்சுக்கும் கண்ணுக்கும் நிபுணர்கள் வேண்டும். போனவர்கள் திரும்பி வரவும் வேண்டும். என் பழைய வாதத்தில் அந்தப் பகுதி இன்னும் சரி என்றே நினைக்கிறேன். பிழைத்த இடம் வேறு. ஒரு தெருவையும் ஒரு மாகாணத்தையும் தராசில் வைத்தபோது, வைத்தியரைத் தேடி வருகிறவர்களை மட்டுமே நான் ஏற்றினேன். வந்து, பேசப் பயந்து, திரும்பிப் போகிறவர்கள் என் தராசில் ஏறவே இல்லை. அவர்களில் ஒருத்தியை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

இந்த ஒரு மாதத்தில் சில மாற்றங்கள் நடந்திருக்கின்றன.

யோகராணி இங்கிலாந்துக்கு மூன்று வரியில் தானே பதில் எழுதிவிட்டாள். சலீம் நானா வாங்கின் தலைப்பக்கத்தில் ஒரு சிறு பலகை போட்டிருக்கிறார். மருந்து மிச்சமிருக்கும் போத்தல்களுக்கு அங்கே இடம். அந்தப் போத்தல்காரர்களை டொக்டர் முதலில் பார்ப்பார். முதல் கிழமையே ஒரு சர்பத்துப் போத்தல் அந்தப் பலகையில் ஏறி நின்றது. நானா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

“தேத்தண்ணிக்கு இங்க மருந்து இல்ல உம்மா.”

“பாதி வழியில தாகம் எடுத்த” என்றாராம் அந்த உம்மா, சிறிதும் கூசாமல். போத்தல் வரிசைக்குத் திரும்பிப் போனது.

வியாழக்கிழமைகளில் மத்தியானத்துக்குப் பின் டிஸ்பென்சரி மூடியிருக்கும் என்று கதவில் எழுதி ஒட்டியாயிற்று. ஊரில் சிலருக்குக் குறைதான். அன்று யோகராணி முதலில் பெரியாஸ்பத்திரியின் குழந்தைகள் வார்ட்டுக்குப் போகிறாள். அங்குள்ள டொக்டர் தாமாகவே வரச் சொல்லியிருக்கிறார். இருவரும் ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக் கதைக்கிறார்கள். சில வேளை சண்டையும் பிடிக்கிறார்கள். வெளியே வரும்போது அவள் முகத்தில் இருப்பதை நான் பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு கண்டதில்லை. அங்கிருந்து, வரவேண்டிய நாளில் வராதவர்களின் வீடுகளுக்குப் போகிறாள்.

பள்ளிக்கூடம் விட்டபின் நானும் கூடப் போகிறேன். போகிற வீடுகளில் ஆலோசனை சொல்வதில்லை.